பச்சை மையில் ஓடிய தண்ணீர்

சர்வர் காலை பத்தே முக்காலுக்கெல்லாம் தயாராகிவிட்டது. அதுதான் சுனிதா செய்த முதல் தப்பு.

சர்க்கார் வேலையைச் சொன்ன நாளிலேயே முடித்தவரை இந்த நாட்டில் யாரும் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. இது தெரியாத வயதும் இல்லை அவளுக்கு, முப்பத்தாறு ஆகிறது. கோட்டாறில் கல்யாண அழைப்பிதழ் அடிப்பது, சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பிப்பது, கெட்டுப்போன கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்வது என்று பதினோரு வருஷமாகக் கடை நடத்துகிறாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அவசரக்காரர்கள். அவசரமே இல்லாத மனிதர்களை மொத்தமாக ஒரே இடத்தில் அவள் அதுவரை பார்த்ததில்லை.

பார்க்கக் கிடைத்த இடம் கடைமடை நீர்த்தகவல் முகமை. நாகர்கோவிலில் ஒரு குடைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எந்தக் கால்வாய்க்கு என்றைக்குத் திரும்பும் என்பதை, கால்வாயின் கடைசியில் பயிர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிவிப்பது அதன் வேலை. தண்ணீரைத் திறக்க வேறு அலுவலகம், அடைக்க வேறு அலுவலகம். சொல்வது மட்டும் இவர்கள் பாடு. அந்த ஒரு சொல்லுக்குப் பதினாலு பேர். ஆறு வருஷத்தில் அவர்கள் சொன்ன ஒரே தகவல், முகமை தொடங்கப்பட்டுவிட்டது என்பது.

அதற்காகக் கடைமடைக்காரர்கள் யாரும் தகவல் இல்லாமல் தவிக்கவில்லை. மதகு திறக்கிற ஊழியர் சுயம்பு இருந்தார். "மக்கா, நாளைக்குக் காலத்த ஆலங்குழிக்கு வெள்ளம் திருப்புவேன், மடையில வந்து நில்லுங்கடே" என்று வாட்ஸப்பில் குரலை அனுப்பிவிடுவார். வெள்ளம் என்றால் அந்தப் பக்கத்தில் தண்ணீர்தான். எல்லோரும் மண்வெட்டியோடு போய் நிற்பார்கள். முறைத் தண்ணீர் அரை நாள்தான் வரும். அந்த அரை நாளில் மடையைத் திறந்துவிட ஆள் இல்லையென்றால், அது யாருக்கும் காத்திராமல் ஓடையில் விழுந்து கடலுக்குப் போய்விடும். ஆகவே கடைமடையில் தண்ணீரைவிட, தண்ணீர் வருகிற நாள் தெரிவது முக்கியம்.

சுனிதாவின் புருஷன் பகவதியப்பனுக்கு அந்த ஆலங்குழிக் கடைமடையில்தான் எட்டு மரக்கால் விதைப்பாடு வயல். ஐப்பசியில் கும்பப்பூ போக நெல் நட வேண்டும். முகமைக்கு இணையதளம் அமைக்க ஒப்பந்தத்தில் ஆள் வேண்டும் என்றதும் சுனிதா கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு ஓடியதற்கு அதுதான் காரணம். சுயம்பு காய்ச்சலில் படுத்தால் தகவலும் சேர்ந்து படுத்துவிடுகிறது, இது ஒரு நாளும் படுக்காது என்று நினைத்தாள். பாவம்.

முதல் நாள் காலை ஒன்பதரைக்குப் போனாள். மூலையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்தெடுத்து, லினக்ஸ் ஏற்றி, அதன்மேல் சர்வர் மென்பொருளைப் போட்டாள். மாறாத பக்கங்கள் சில: முகமையின் விலாசம், கால்வாய் வரைபடம். யார் கேட்டாலும் கோப்பிலிருந்து அப்படியே எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். மாறுகிற பக்கம் ஒன்றே ஒன்று: இன்று எந்தக் கால்வாயில் தண்ணீர், அடுத்தது யாருக்கு. இதற்கு முப்பது வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினாள். சுயம்பு தன் போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது சர்வர் அந்தச் செய்தியைப் பார்த்து அந்த நிமிஷத்து நிலவரத்தைப் புதிதாக எழுதிக் கொடுக்கும்.

பத்தே முக்காலுக்கு வயல்வரப்பில் நின்றிருந்த பகவதியப்பன் தன் போனில் திறந்து பார்த்தான்.

"ஏட்டி, தெறந்துட்டு! 'இன்று திக்கணங்கோடு, நாளை மறுநாள் ஆலங்குழி'ன்னு காட்டுகு. நீ ஆளு கொள்ளாம்டீ!"

சுனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷத்தில் கல்யாண அழைப்பிதழுக்காக ஒருவரும் அவளை அப்படிப் பாராட்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தோடேயே கண்காணிப்பாளர் செல்வதாஸின் மேசைக்குப் போய், "சார், முடிஞ்சுட்டு" என்றாள்.

செல்வதாஸ் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். வந்தவர்களுக்கு முதலில் சாயா வரவழைப்பார். சாயா குடித்து முடிப்பதற்குள் அவர்கள் வந்த காரியத்தையும் முடித்துவிடுவார், அதாவது இல்லாமல் ஆக்கிவிடுவார்.

"முடிஞ்சுட்டா? எதும்மா முடிஞ்சுட்டு?" என்றார்.

"சர்வர், சார். ஓடிட்டு இருக்கு."

"கோப்பு எங்கே?"

"எல்லாம் உள்ளேதான் சார், கம்ப்யூட்டருக்குள்ள."

"அந்தக் கோப்பு இல்லம்மா. இதைத் தொடங்கலாம்னு ஒரு கோப்பு இருக்கணும்லா? தொடங்காத காரியம் எப்பிடி முடியும்?"

நியாயமான கேள்வி. சர்வர் நிறுத்தப்பட்டு, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. சாவியைச் செல்வதாஸ் வாங்கிக்கொண்டார். கோப்பு திறந்தது ஏழு வாரம் கழித்து. அந்த ஏழு வாரமும் சுனிதா தினம் ஒன்பதரைக்கு வந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது வேலையில் சேரவில்லை, ஆனால் அவள் சேர்ந்துவிட்டாளாம்.

கோப்பு திறந்ததும் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. தலைமை, முகமையின் இயக்குநர் தங்கப்பன். சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருப்பார். இரண்டு அலங்காரத்துக்கு, மூன்றாவது பச்சை மை. அந்தப் பேனாவை அவர் தொட்டாலே அறையில் காற்றாடிகூட மெதுவாகச் சுற்றுவதுபோல் இருக்கும்.

"அந்த ஸ்டாட்டிக், டைனமிக்னு என்னவோ சொல்லுதீங்களே, அதை எல்லாருக்கும் புரியும்படிச் சொல்லுங்க" என்றார் தங்கப்பன்.

சுனிதா எழுந்து நின்றாள். "சார், சாயாக்கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள பழம்பஜ்ஜி இருக்கும்லா? கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. அது ஸ்டாட்டிக். தோசை கேட்டா அப்பதான் ஊத்திச் சுடுவாங்க. அது டைனமிக். அவ்வளவுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். விஷயம் புரிந்துவிட்டது என்று சுனிதா உட்கார்ந்தாள். மறுநாள் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு வந்தது. 'பழம்பஜ்ஜி வகைப் பக்கங்களுக்கு ஆட்சேபணை இல்லை. தோசை வகைப் பக்கங்களைப் பொறுத்தமட்டில், மாவு யாருடைய பொறுப்பில் உள்ளது, சுடுவதற்கு அதிகாரம் பெற்றவர் யார், சுட்டபின் தரம் பார்ப்பவர் யார் என்பன தெளிவுபடுத்தப்படும்வரை நிலுவையில் வைக்கலாம்.' கீழே பச்சை மை.

சோதனை ஓட்டத்துக்கென்று அலமாரியிலிருந்து வெளியே வந்த சர்வருக்கு அடுத்த ஒரு மாதத்தில் நேர்ந்த கதிகளை எல்லாம் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்புகிற அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் அதன் வேகம் பிடிக்கவில்லை. "கேட்ட ஒடனே பதில் போவுதே! பரிசீலிக்காமத் தூக்கிக் குடுத்துட்டோம்னு சனங்க நெனைக்க மாட்டாங்களா?" என்று செல்வதாஸ் வருத்தப்பட்டார். ஆகவே யார் பக்கத்தைத் திறந்தாலும் நாற்பது விநாடிக்கு ஒரு சக்கரம் சுற்ற வேண்டும், அதன்கீழ் 'உரிய அலுவலரின் பார்வையில் உள்ளது' என்று வர வேண்டும் என்று உத்தரவு. சுனிதா சர்வரைக் கைகட்டி நிற்க வைக்க ஒரு நிரல் எழுதினாள். ஓட வைக்க எழுதியதைவிட அது இரண்டு மடங்கு நீளம்.

பிறகு அந்த 'நானூற்று நாலு' பிழைச் செய்தி. இல்லாத பக்கத்தை யாராவது கேட்டால், அப்படி ஒன்று இங்கே இல்லை என்று சர்வர் சொல்லும். உலகம் முழுவதும் அதுதான் வழக்கம். தங்கப்பன் அதைப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டார். "இல்லைன்னு நாம எழுத்துல குடுக்கலாமா? இருந்தது எப்பிடி இல்லாமப் போச்சுன்னு விசாரணை வருமே!" அதன்பிறகு இல்லாத பக்கம் எதைக் கேட்டாலும் 'தாங்கள் கேட்ட பக்கம் பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. மார்த்தாண்டத்திலிருந்து எவனோ ஒரு குசும்பன், விலாசத்தின் கடைசியில் எருமை என்று அடித்துப் பார்த்திருக்கிறான். எருமை பரிசீலனையில் உள்ளது என்று பதில் போயிருக்கிறது.

வருகைப் பதிவேட்டிலும் அதற்கு ஒரு வரி ஒதுக்கினார்கள்: 'சர்வர், ஒப்பந்தம்.' தினமும் காலையில் சுனிதா அதற்குப் பதிலாக முதலெழுத்துப் போட வேண்டும். மாலை ஐந்தே முக்காலுக்கு நிறுத்தவேண்டும். சனி, ஞாயிறு விடுமுறை. சவேரியார் கோவில் திருவிழா உள்ளூர் விடுமுறைக்கும் அது வரவில்லை. பதிவேட்டில் அதன் பெயர் சுனிதாவின் பெயருக்கு மேலே இருந்தது. அவள் வருவதற்கு முன்னமே அலுவலகத்தில் இருந்ததால் பணிமூப்பு உண்டாம்.

இதையெல்லாம்கூட சகித்துக்கொண்டாள். பக்கம் மெதுவாகத் திறந்தால் என்ன, மாலையில் தூங்கினால் என்ன, தண்ணீர் வருகிற நாளைச் சரியாகச் சொன்னால் போதும். அந்த ஒன்றையும் வைத்துக்கொள்ள விடவில்லை.

மார்கழி பிறந்தபோது தங்கப்பன் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஒவ்வொருத்தன் தெறக்கும்போதும் அது புதுசா ஒரு பக்கம் எழுதுகுன்னு சொன்னீங்க, இல்லையா? ஆயிரம் பேரு தெறந்தா?"

"ஆயிரம் தடவை எழுதும் சார்."

"அந்த ஆயிரத்துக்கும் கையெழுத்து யாரு போடுவா?"

கையெழுத்து வேண்டாம் என்ற பதில் அந்தக் கட்டிடத்தில் செல்லுபடியாகாது என்பது சுனிதாவுக்குத் தெரிந்திருந்தது.

தீர்வைத் தங்கப்பனே கண்டுபிடித்தார். தினமும் காலையில் அந்தப் பக்கத்தை ஒரே ஒரு தரம் அச்செடுக்க வேண்டும். அது கோப்பில் ஏறி, எழுத்தர், கண்காணிப்பாளர், துணை இயக்குநர் மேசைகளைக் கடந்து அவரிடம் வரும். அவர் பச்சை மையில் ஒப்பமிடுவார். அந்தத் தாளை ஸ்கேன் செய்து படமாக இணையதளத்தில் ஏற்ற வேண்டும். யார் கேட்டாலும் அந்தப் படத்தைத்தான் கொடுக்க வேண்டும். "தோசையைக் கண்ணாடிப் பெட்டியில வச்சாச்சு, பாத்தீங்களா!" என்றார், அவரே சிரித்துக்கொண்டு.

கூடவே சுயம்புவுக்கு ஒரு குறிப்பாணையும் போயிற்று. அதிகாரபூர்வ இணையதளம் வந்துவிட்டபடியால், இனி அவர் தன்னிச்சையாக வாட்ஸப்பில் தகவல் வெளியிட்டால் நடவடிக்கை. சுயம்பு ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். சுனிதாவிடமும் ரகசியக் காப்பு உறுதிமொழி ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சர்வருக்குச் சுயம்புவின் செய்தி வந்தது. 'இன்று பதினொரு மணி முதல் ஆலங்குழி.' சுனிதா அவசரமாக அச்செடுத்துக் கோப்பில் வைத்து, எழுத்தரின் கையிலேயே கொடுத்தாள். பதினொரு மணிக்குள் ஏறிவிடும் என்று நம்பி வீட்டுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. அது அவளுடைய இரண்டாவது தப்பு. அன்று மாலை தாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எட்டு நாள் கழித்து, அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமையன்று, நாலு கையெழுத்தோடு வந்தது. 'இன்று ஆலங்குழிக்குத் தண்ணீர்' என்று அதில் எழுதியிருந்தது. இன்றைக்கு இல்லையே என்று சுனிதா வாயைத் திறப்பதற்குள் துணை இயக்குநரின் உதவியாளர் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டார்.

ஆலங்குழியில் முப்பத்தோரு பேர் அன்று முழுக்க மடையில் நின்றார்கள். சாயங்காலம் பகவதியப்பன் பேசினான். கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல்.

"ஏட்டி, வாய்க்கால்ல ஒரு தவளை மட்டும்தான் வந்து. உங்க பக்கத்துல இன்னைக்குன்னு கெடக்கு, ஆபீசர் கையெழுத்தும் கெடக்கு. வெள்ளத்தெ மட்டும் காணல்ல."

"தாளுல தேதி போட்டிருந்தேன். காணோமே!" என்றாள் சுனிதா. விசாரித்ததில், தேதியை அழித்தது செல்வதாஸ். "தேதி கெடந்தா பழசுன்னு தெரிஞ்சிரும்லாம்மா" என்றார் அன்பாக. சாயா வந்தது.

தவறிய அந்த ஒரு தண்ணீரை, மார்கழி மழை இரண்டு நாள் பெய்து ஈடுகட்டியது. அதன்பிறகு மழை இல்லை. தை பிறந்தது, கதிர் தள்ளியது, பால் பிடிக்கிற பருவம் வந்தது. இனி ஒரே ஒரு தண்ணீர் போதும். அது கிடைத்தால் நெல், இல்லாவிட்டால் பதர். சுனிதா தினமும் சோற்றைப் பிசைந்துகொண்டு, இதே அரிசி அடுத்த வருஷம் கடையிலிருந்து வர வேண்டியிருக்குமோ என்று யோசித்தாள். அதைவிட அவளை அறுத்தது வேறு. சுயம்புவின் குரல் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கஷ்டம் ஒன்றும் இல்லை. அதைப் பிடுங்கிய எழவைத் தன் கையாலேயே துடைத்து, லினக்ஸ் ஏற்றி வைத்திருக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, சர்வரை வீட்டுக்கு அனுப்புகிற நேரத்தில், செய்தி வந்தது. 'ஞாயிறு காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை ஆலங்குழி. இந்தப் பூவுக்குக் கடைசித் தண்ணீர்.'

இணையதளத்தில் அப்போது தொங்கிக்கொண்டிருந்தது பதினோரு நாளைக்கு முந்திய தாள். 'ஆலங்குழிக்கு அடுத்த முறை: வியாழக்கிழமை' என்று பச்சை மையோடு சொல்லிக்கொண்டிருந்தது. எந்த வியாழன் என்று கேட்கக் கூடாது.

தங்கப்பனின் அறைக்கு ஓடினாள். அவர் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், ரெண்டு நாளைக்கு மட்டும் அந்தப் பழைய நிரலை ஓட விடுங்க சார். முப்பத்தோரு வயலு சார். எங்களுதும் உண்டு. எல்லாரும் வியாழக்கிழமைன்னு நெனைச்சுட்டு இருப்பாங்க."

தங்கப்பன் அவளை உட்காரச் சொன்னார். குரலில் கோபமே இல்லை, தகப்பன் மகளுக்குச் சொல்வதுபோல இருந்தது.

"பாருங்க சுனிதா. தண்ணிங்கது இயற்கை. அது வரும், வராது. அதுக்கு நாம பொறுப்பில்லை. தண்ணி வந்ததுன்னு சொல்லுத காகிதம் இருக்கே, அதுக்கு நான் பொறுப்பு. தண்ணி தப்பாப் போனா என்னை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. காகிதம் தப்பாப் போனா எனக்குப் பென்ஷன் நிக்கும். இதுல எதைக் காப்பாத்தணும்னு படிச்ச பிள்ளை நீங்களே சொல்லுங்க. ஆறு வருஷத்துல இந்த ஆபீஸுல இருந்து தப்பா ஒரு தகவல் வெளியே போனதில்லை. ஏன்னா சரியா ஒண்ணும் போனதில்லை. அந்தப் பேரை உங்களுக்காகக் கெடுக்கச் சொல்லுதீங்களா?"

ஐந்தே முக்கால் ஆயிற்று. சர்வர் நின்றது. சுனிதா படியிறங்கி, குடைக்கடை வாசலில் நின்று, ரகசியக் காப்பு உறுதிமொழியை மனதுக்குள் நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள்.

பகவதியப்பன் நம்பினான். நம்பியது மட்டுமல்ல, அன்றைக்கே கடைமடை முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னான். ஆனால் அவர்கள் எல்லோருடைய போனிலும் அந்தத் தாளின் படம் பத்திரமாக இருந்தது.

"பகவதியப்பா, நீ வாயால சொல்லுக. இது ஆபீசர் கையெழுத்து. பச்சை மை, பாத்தியா?"

"பச்சை மைய நம்பித்தானே அன்னைக்கு நாளு முழுக்க நின்னோம்!"

"அன்னைக்கு வெள்ளம் வராததுக்கு கையெழுத்து என்ன செய்யும்டே?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிப் பேர் சபைக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு. வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது பகவதியப்பன் தனியாக நின்று மடையை வெட்டிவிட்டான். எட்டு மரக்கால் விதைப்பாடும் நிறைந்தது. அடுத்தவன் மடையைத் திறந்துவிட அவனுக்குக் கை அரித்தது. ஆனால் முறை வயலில் அடுத்தவன் மடையைத் தொட்டால் வெட்டுக்குத்தில் முடியும் என்பது அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொருவராகப் போன் செய்தான். சபையில் போனை அணைத்து வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டில் மேளச் சத்தம். அடித்துப் பிடித்து ஓடி வந்தவர்களுக்கு வாய்க்காலின் ஈரம்தான் கிடைத்தது.

திங்கட்கிழமை முப்பது பேரும் முகமைக்குப் படியேறினார்கள். செவ்வாய்க்கிழமை தங்கப்பனே நேரில் ஆலங்குழிக்குப் புறப்பட்டார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. ஒரு வயல் பச்சையாக இருந்தது. சுற்றிலும் முப்பது வயல் வெளிறிக் கிடந்தது. அவர் வெளிறிய வயல்களை அதிகம் பார்க்கவில்லை. பச்சை வயலின் வரப்பில் வெகுநேரம் நின்று யோசித்தார்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு சுனிதாவின் மேசைக்கு ஒரு தாள் வந்தது, தட்டச்சு செய்ய. அவள்தானே ஆபரேட்டர்.

'ஒப்புதல் பெற்ற பக்கத்தின்படி ஆலங்குழிக் கடைமடைக்குச் சென்ற வியாழக்கிழமை தண்ணீர் வழங்கப்பட்டுள்ளது. எனவே முப்பது விவசாயிகளின் புகார், அவர்கள் தண்ணீரைப் பெற்றுக்கொண்டதாகக் கருதி முடித்து வைக்கப்படுகிறது. மேற்படி பக்கத்தின்படி ஞாயிற்றுக்கிழமை அங்கே தண்ணீர் இல்லை. இல்லாத தண்ணீர் பகவதியப்பன் என்பவரது வயலுக்கு வந்தது எவ்வாறு என்பதை அவர் மூன்று நாட்களுக்குள் விளக்க வேண்டும். தவறினால் நீர்த்திருட்டாகக் கருதி நடவடிக்கை எடுக்கப்படும்.'

சுனிதா இரண்டு தரம் படித்தாள். எழுந்து போய்த் தங்கப்பனின் மேசைமுன் நின்றாள்.

"இது கோப்புல ஏறி வர எட்டு நாளு ஆகும்லா சார்?"

"சேச்சே. இது அவசரம். இப்பவே ஏத்துங்க." பச்சைப் பேனாவை எடுத்து அங்கேயே ஒப்பமிட்டார். "அந்தச் சக்கரம் சுத்துத ஏற்பாடு இதுக்கு வேண்டாம். கேட்ட ஒடனே தெறக்கணும். சாயங்காலம் சர்வரை நிறுத்தவும் வேண்டாம், ஞாயிறும் ஓடட்டும். மாறாத பக்கம்தானே?"

"ஆமா சார்," என்றாள் சுனிதா. "ஸ்டாட்டிக்."

சக்கரத்தைக் கழற்றினாள். ஐந்தே முக்காலைக் கழற்றினாள். சர்வருக்கு முதல் நாள் இருந்த கை கால்கள் எல்லாம் திரும்பி வந்தன. பக்கம் ஏறியபோது சுவரில் மணி பத்தே முக்கால்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது.

"ஏட்டி," என்றான் பகவதியப்பன். "உன் பக்கம் இன்னைக்கு என்னா வேகம்! தொட்ட ஒடனே தெறந்துட்டு. எம் பேருதான் அதுல கெடக்கு."

"அந்த மெஷின் மொத நாளே இந்த வேகம்தான்" என்றாள் சுனிதா.